மும்மொழிப் பெயர் பூண்ட துறைமுகம்

ஊர்ப்பெயர்கள் வரலாற்றின் வாய்மொழிச் சான்றுகளாகும். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து கிழக்கே செல்லும் வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த பறங்கிப்பேட்டை இதற்குத் தக்க சான்று. வார விடுமுறையில் அங்குச் சென்ற நாம், கழிமுகத்தில் அணிவகுத்த வண்ணப் படகுகளைக் கண்டு மகிழ்ந்தோம். அவற்றினும் ஊரின் பெயர்களே நம் சிந்தையைக் கவர்ந்தன.

ஐரோப்பியரைக் குறிக்கும் 'பறங்கி', அரபு, பாரசீக வழக்கிலுள்ள 'ஃபரங்கி' என்பதன் திரிபு. போர்ச்சுகீசியர் வழங்கிய 'போர்ட்டோ நோவோ' என்பதற்குப் 'புதிய துறைமுகம்' என்பது பொருள். முஸ்லிம்கள் வழங்கிய 'மஹ்மூது பந்தர்' என்பதிலுள்ள 'பந்தர்', துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். மூன்று பெயர்களும் கடல்வணிகத்தின் சுவடுகளே.

1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் பொருத களமும் இவ்வூரே. 1830இல் ஹீத் என்பார் இங்கு இரும்பாலை நிறுவினார். போர் ஓய்ந்தது, ஆலையும் மறைந்தது, பெயர்கள் எஞ்சின.

அவையும் மறையலாகாது. முதியோர் நாவில் வழங்கும் கப்பல், வணிகச் சொற்களையும் தெருப்பெயர்களையும் அவர்தம் காலத்திலேயே கேட்டுத் தொகுத்தல், தமிழ் பயிலும் நம் மாணவர்தம் கடமையாகும். ஆற்றின் மேல்கரையில் வாழ்வோர்க்குக் கடல்முகம் நெடுந்தொலைவன்று.