புதிய கல்விக் கருவிகளும் கூட்டுறவும்

கல்வி புகட்டும் முறையில் இந்நாளில் பெரியதொரு மாறுதல் நிகழ்ந்து வருகின்றது. தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்கள் அதன் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

2018-ஆம் ஆண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு நம் மாநிலத்தில் வெளியான புதிய பாடநூல்களில், கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த சிறு சதுரக் கட்டங்கள் அச்சிடப்பெற்றன. இவற்றுக்குக் ‘க்யூ.ஆர். கோடு’ என்று பெயர். கைப்பேசியில் ‘தீக்ஷா’ என்னும் செயலியைத் திறந்து இக்கட்டத்தைப் படம்பிடித்தால், அப்பாடத்தை விளக்கும் காட்சி இணையத்தின் வழியே வந்து சேரும். புரியாத பகுதியை மாணவன் எத்தனை முறை வேண்டுமாயினும் திரும்பக் காணலாம். 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியோ இணையம் இல்லாத வீட்டுக்கும் பாடத்தைக் கொண்டு செல்கின்றது.

ஆயினும், இவ்வசதி எல்லார்க்கும் ஒப்பக் கிட்டுகின்றதா? 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வினா எழுந்தது. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிட்டால் பிள்ளைக்குப் பாடம் ஏது? பிள்ளைகள் இருவராயின், ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க நேரும். அவ்வாறு விட்டுக்கொடுப்பவள் எப்போதும் பெண்குழந்தையாக இருத்தல் தகாது.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தம் தெருப் பிள்ளைகளை ஒருங்கே அமர்த்திக் கற்பித்தனர். கருவி மட்டும் போதாது, அருகிருந்து விளக்க ஒருவர் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

தனியொருவரால் இயலாததைப் பலர் கூடி முடிப்பதன்றோ கூட்டுறவு? ‘தீக்ஷா’வில் ஒருமுறை இறக்கி வைத்த பாடத்தைப் பின்னர் இணையமின்றியே காணலாம். ஆகவே, சங்கக் கட்டடத்தில் பொதுவான கருவி ஒன்று, மாலையில் ஒரு மணி நேரம், மேற்பார்வைக்குப் படித்த இளைஞர் ஒருவர் என்ற ஏற்பாடு பல வீடுகளின் குறையைத் தீர்க்கும். காட்சி முடிந்தவுடன் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் எழுதச் செய்தல் வேண்டும். இன்றேல் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

இணையத்தில் விளையாட்டும் விளம்பரமும் பொய்ச்செய்தியும் கலந்தே கிடக்கின்றன. வாரிய சிப்பியிலெல்லாம் முத்து இராது என்பதை நம் புதுக்கோட்டை வட்டாரத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நல்லதைத் தேர்ந்து கொடுப்பது பெரியோர் கடன்.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.