கூலியும் அன்பளிப்பும்

ஜும்ஆ தொழுகை முடிந்து ஹவுளருகே நின்றிருந்தேன். உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தயங்கியவாறு வந்து ஸலாம் கூறினார்.

"ஹஜ்ரத், சாப்பிட்டு எழுபவர்கள் பில் தட்டில் பத்து, இருபது வைத்துச் செல்கிறார்கள். அது எனக்கு ஹலால்தானா?"

"ஏன் தம்பி இந்தச் சந்தேகம்?"

"ஜகாத் வசூலிக்கச் சென்றவர் அன்பளிப்பு வாங்கியதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாகச் சென்ற வாரம் பயானில் சொன்னீர்கள். அன்றிலிருந்து அந்தக் காசைத் தொட மனம் கூசுகிறது. முதலாளியோ அந்தக் காசை மனத்தில் வைத்தே சம்பளத்தைக் குறைத்துத் தருகிறார்."

வீட்டிற்குத் திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விட்டகலவில்லை.

எது லஞ்சம்?

இப்னுல் லுத்பிய்யா என்பார் ஜகாத் வசூலித்து வந்து, ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றார். இவர் தம் பெற்றோர் இல்லத்தில் அமர்ந்திருந்தால் இது இவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணலார் மிம்பரில் நின்று கேட்டதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களும் அறிவிக்கின்றன.

அந்த இளைஞரும் வீட்டில் அமர்ந்திருந்தால் இருபது ரூபாய் வந்திராதுதான். பின் வேறுபாடு யாது? அதிகாரம்! ஜகாத் வசூலிப்பவரின் கையில் பொதுப்பணியின் அதிகாரம் இருந்தது. கொடுத்தவர் அதை எண்ணியே கொடுத்திருக்கக்கூடும். மருத்துவமனையில் நோயாளியின் தள்ளுவண்டியை நகர்த்தவும், அலுவலகத்தில் கோப்பை நகர்த்தவும் கேட்கப்படும் காசு இவ்வகையே. அதற்கு எப்பெயர் சூட்டினாலும் அது லஞ்சமே. தன் உரிமையைப் பெற வேறு வழியே இன்றிக் கொடுத்தவர் மீதன்று, வாங்கியவர் மீதே பாவம் என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து.

பரிமாறுபவருக்கோ அத்தகைய அதிகாரம் ஏதுமில்லை. உண்டு முடித்தவர் மனம் உவந்து தருகிறார். முதலாளியும் அறிந்தே இருக்கிறார். ஆதலின் அது ஹலாலான அன்பளிப்பே. ஆனால் காசு தருபவருக்கென முதலாளியின் சட்டியிலிருந்து இரண்டு துண்டு இறைச்சியைக் கூடுதலாக வைத்தால் அது அமானிதத்திற்குச் செய்யும் துரோகமாகிவிடும்.

முதலாளியின் பொறுப்பு

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைத் தந்துவிடுமாறு பெருமானார் (ஸல்) பணித்ததாக இப்னு மாஜா நூலில் காண்கிறோம். கூலி இவ்வளவு என்பது முன்கூட்டியே தெளிவாக வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். எவரோ தரக்கூடும், தராமலும் போகக்கூடும் என்ற காசைக் காட்டிக் கூலியைக் குறைப்பது எங்ஙனம் நீதியாகும்?

இரத்தம் குத்தி எடுக்கும் அபூ தைபா என்பவர் அண்ணலாருக்கு அச்சேவையைச் செய்தார். அண்ணலார் அவருக்குப் பேரீச்சம்பழம் தரச் செய்ததோடு நிற்கவில்லை. அவர் தம் எஜமானர்களுக்குச் செலுத்த வேண்டிய தொகையைக் குறைக்குமாறும் பரிந்துரைத்தார்கள். ஏழைத் தொழிலாளியின் கையில் பொருளைக் கொடுப்பது ஒரு நன்மை. அவர் சுமையைக் குறைக்க வாய் திறந்து பேசுவது மற்றொரு நன்மை. இரண்டாவதை நாம் மறந்தே போனோம்.

கொடுப்பவர் கவனிக்க

என் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை இரயில் நிலையத்தில் என் பெட்டியைச் சுமந்த முதியவரிடம் பத்து ரூபாய்க்காக வெகுநேரம் பேரம் பேசினேன். அன்றிரவே நண்பர்கள் காண விடுதித் தட்டில் இருபது ரூபாய் வைத்தேன். முன்னது அவருடைய உரிமை. பின்னது என்னுடைய பெருமை. உரிமையைக் குறைத்துப் பெருமைக்குச் செலவிட்டவன் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வேன்?

எனவே முதலில் கூலியை நிறைவாகக் கொடுப்போம். பிறகு வசதியிருந்தால் மனமுவந்து அன்பளிப்புத் தருவோம். அது கடமையன்று, கையில் இல்லாதவர் வெட்கப்படத் தேவையில்லை. நல்ல சொல்லும் தர்மமே என்பது நபிமொழி. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதும், வீசியெறிவது போல் கொடுப்பதும் அந்த நன்மையையே அழித்துவிடும்.

மறுநாள் அந்த இளைஞரைக் கண்டு, "தம்பி, அந்தக் காசு உங்களுக்கு ஹலால். சம்பள விஷயமாக உங்கள் முதலாளியிடம் நானே பேசுகிறேன்" என்றேன். முன்வரிசையில் நின்று தொழுபவர்தாம் அவரும்.

உழைப்பவர் உரிமையை உணர்ந்து நடக்கும் நல்லடியார்களாக வல்ல நாயன் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.