வங்கி இன்ஜினியர் பார்த்தால் போதுமா?

ஒரு மூட்டை துவரம் பருப்பு இறக்கினாலும் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர்கள் நாம். ஆனால் வீடு வாங்கும்போது மட்டும், "பேங்க் இன்ஜினியரே வந்து பார்த்துவிட்டார், இனி என்ன?" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் கடை நடத்தி, பிள்ளைகள் படிப்புக்காகப் பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ வீடு தேடும் வணிகர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அரசின் உதவி. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் (நகர்ப்புறம்) இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் ரூ.9 லட்சம் வரை உள்ள, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பங்களுக்கு இதில் வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு ரூ.35 லட்சத்துக்குள்ளும் கடன் ரூ.25 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் ரூ.8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், மொத்தம் ரூ.1.80 லட்சம் வரை, 5 தவணைகளில் கிடைக்கும். இது நகர்ப்புறத் திட்டம். ஆகவே வீடு இருக்கும் இடம் திட்ட எல்லைக்குள் வருகிறதா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசு மானியம் தருகிறது என்பதால், அரசே வீட்டைப் பார்த்து நற்சான்று கொடுத்துவிட்டதாகப் பொருள் இல்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டை அளப்பார், வரைபட அனுமதியோடு ஒப்பிடுவார், கட்டடத்தின் வயதைக் குறிப்பார், போட்டோ எடுப்பார். நாளை கடன் வராவிட்டால் இந்த வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே வங்கியின் கேள்வி. மழைக்கு ஒழுகுமா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பது நம் கேள்வி. அமெரிக்காவில் 1934 முதல் எப்.எச்.ஏ. என்ற அரசு அமைப்பு வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி அளித்து வருகிறது. அங்கேயும், மதிப்பீடு வேறு, வீட்டு ஆய்வு வேறு, தனியாக ஆய்வு செய்துகொள்ளுங்கள் என்று வாங்குபவருக்கு அச்சிட்ட தாளே கொடுக்கிறார்கள்.

சட்டமும் நம்மைக் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவின்படி, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத, தனக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் விரிசலைப் பார்க்காமல் விட்டுப் பிறகு வழக்குப் போட்டால் நிற்காது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், கட்டுமானக் குறைகளை 5 ஆண்டு வரை கட்டுநரே சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் தனியார் ஒருவரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இது உதவாது.

கிரய ஒப்பந்தத்துக்கு முன் நாம் கவனிக்க வேண்டியவை:

1. அனுபவமுள்ள கட்டடப் பொறியாளர் ஒருவரை நம் செலவில் அழைத்துச் செல்லுங்கள். தூண், பீம் இவற்றில் விரிசல், கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவது, சுவர் அடியில் உவர்ப்பு, நிலைக்கதவில் கரையான் ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். ஒரு மழை பெய்த பிறகு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். புது வெள்ளை அடித்த சுவர் என்றால் கூடுதல் கவனம் தேவை.

2. தண்ணீர். நம் மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். அதனால்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு உண்டா, அல்லது போர் தண்ணீர் மட்டுமா என்று கேளுங்கள். போர் என்றால் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் அது குடிக்க ஏற்றதல்ல. பல்லையும் எலும்பையும் பாதிக்கும்.

3. ஆற்றோரம் என்றால், 2018, 2024 ஆண்டுகளில் ஒகேனக்கல்லில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். காட்டை ஒட்டிய இடம் என்றால், அது வன நிலமோ புறம்போக்கோ அல்ல என்பதைப் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டு உறுதி செய்யுங்கள்.

இனிப் பணக் கணக்கு. ரூ.30 லட்சம் வரையிலான கடனுக்கு, மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பேசிய விலை ரூ.25 லட்சம், வங்கி மதிப்பீடு ரூ.21 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நாம் எதிர்பார்த்த கடன் ரூ.22.50 லட்சம், கிடைப்பது ரூ.18.90 லட்சம். கைப்பணம் ரூ.2.50 லட்சத்துக்குப் பதில் ரூ.6.10 லட்சம் ஆகிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் இன்னும் ரூ.2.25 லட்சம். மொத்தம் ரூ.8.35 லட்சம். அட்வான்ஸ் கொடுத்துவிட்ட நிலையில் இந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்போம்? கடை முதலிலிருந்துதான். ஆடிப்பெருக்குக்குச் சரக்குப் போட வேண்டிய பணம் சுவரில் போய்விடும்.

இதைத் தடுக்க ஒரு வரி போதும். "வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, மதிப்பீடு பேசிய விலைக்குக் குறைந்தாலோ, பொறியாளர் ஆய்வில் பெரிய குறை தெரிந்தாலோ அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மதிப்பீட்டுக் கட்டணம் நம்முடையது. ஆகவே அறிக்கையின் நகலையும் வங்கியில் கேளுங்கள். மதிப்பு குறைந்திருந்தால், விற்பவரிடம் விலை பேச அதுவே நமக்கு ஆதாரம்.

சரக்கு மோசமென்றால் திருப்பி அனுப்பலாம். வீட்டைத் திருப்பி அனுப்ப முடியாது. பார்த்து வாங்குவோம்.