கல்லூரி மேடையில் ஜாஸ்: டேவ் புரூபெக் நால்வர் குழு

1953 மார்ச்சில் ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரி மாணவர்கள் முன் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு வாசித்ததன் நேரடிப் பதிவு ‘ஜாஸ் அட் ஓபர்லின்’ இசைத்தட்டு. இரவு விடுதி இசை என்று பேராசிரியர்கள் பலர் ஒதுக்கியிருந்த ஜாஸுக்கு வளாகக் கதவைத் திறந்ததில் புரூபெக்கின் மனைவி ஐயோலாவுக்குப் பெரும் பங்குண்டு. கல்லூரி கல்லூரியாகக் கடிதம் எழுதி வாய்ப்பு கேட்டவர் அவர்தான். புரூபெக்கோ, இசைக்குறிப்பை வாசிக்கத் தெரியாததால், இசை ஆசிரியராகப் போகமாட்டேன் என்று வாக்களித்த பிறகே பசிபிக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்!

1958 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிழக்கு கரோலினா கல்லூரி நிர்வாகம், குழுவின் டபுள் பேஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பினத்தவர் என்பதால் மேடையேற்ற மறுத்தது. அவர் இல்லாமல் வாசிக்க முடியாது என்றார் புரூபெக். அரங்கில் காத்திருந்த மாணவர்கள் தரையை உதைத்து ஆரவாரம் செய்தனர். கடைசியில், ரைட் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கச்சேரி நடுவே அவரைத் தனியாக வாசிக்கச் சொல்லி மேடையின் முன்பகுதிக்கே அழைத்துவிட்டார் புரூபெக்.

சில வாரங்களில் இதே குழுவைத்தான் அமெரிக்க வெளியுறவுத் துறை போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று அனுப்பியது. நோக்கம், கம்யூனிசத்துக்கு எதிராக அமெரிக்கச் சுதந்திரத்தைப் பறைசாற்றுவது. சென்னையிலும் வாசித்தார்கள்.

1960இல் அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகளில் 25 கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. ரைட்டை மாற்ற புரூபெக் சம்மதிக்காததால் பெரும்பாலானவை ரத்தாயின.