முதலில் உயிரோடு இருக்கட்டும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உடல்நலம் மற்றும் நோய்கள்’ என்றொரு பாடம் உண்டு. போதைப்பொருள், மது, புகையிலை, நீரிழிவு, புற்றுநோய், எய்ட்ஸ் எல்லாம் அந்த ஒரே பாடத்தில் வந்துவிடும். புதிய பாடநூல் வந்த 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் அதை நடத்துகிறேன். பாடம் முடிந்ததும் எங்கள் பள்ளியின் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் சார்பில் முழக்கம் எழுதும் போட்டி வைப்போம். சென்ற ஆண்டு பரிசு பெற்ற முழக்கத்தை நானே சார்ட் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். போதைக்கு அடிமையானவன் வீட்டுக்கும் பாரம், நாட்டுக்கும் பாரம் என்பது அதன் சாரம்.

அதற்கு அடுத்த வாரம் என் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. நன்றாகப் படிக்கும் பெண். நான்கு நாள் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். குன்னத்தூரில் மற்ற நாட்களில் போனால் பல வீடுகளில் பூட்டுத்தான் தொங்கும். அப்பா, அம்மா இருவரும் விடியற்காலையிலேயே பனியன் கம்பெனி வண்டியில் திருப்பூருக்குக் கிளம்பியிருப்பார்கள்.

அவளுடைய அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார். மூத்த மகனும் கம்பெனி வேலைக்குத்தான் போனான். தினமும் ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று இடுப்பு வலி. கூட வேலை செய்த ஒருவர் ஒரு வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். வலியும் போயிற்று, உற்சாகமும் வந்தது. சில மாதங்களில் ஒன்று நான்காயிற்று. பிறகு மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் வந்தது. ஒருநாள் குளியலறையில் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார்கள். இப்போது ஏழு மாதமாகப் பக்கத்து நகரத்திலுள்ள அரசு சிகிச்சை மையத்துக்குத் தினமும் காலையில் போகிறான். அங்கே செவிலியர் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி, கரையும்வரை பார்த்துவிட்டு அனுப்புகிறார். அவன் அங்கிருந்து வேலைக்குப் போகிறான்.

இந்த விஷயம் எப்படியோ வகுப்பில் ஒருவனுக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் அவள் போகும்போதெல்லாம் நான் ஒட்டிய முழக்கத்தை உரக்கப் படித்திருக்கிறான்.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “டீச்சர், எங்கண்ணன் திருந்திட்டான்னு சொல்றதுங்களா, இன்னும் போதையிலதான் இருக்கான்னு சொல்றதுங்களா? அங்க குடுக்கறதும் போதை மாத்திரைதான்னு எல்லாரும் சொல்றாங்க.”

எனக்குப் பதில் தெரியவில்லை. பல ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பிறகு படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி நாளை உங்கள் வகுப்பிலும் வரலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

அபினி, ஹெராயின், மார்ஃபின், அறுவை சிகிச்சைக்குப் பின் தரப்படும் சில வலிமையான வலி மாத்திரைகள் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் உடல் தானாகவே எண்டார்ஃபின் என்ற வலி குறைக்கும் பொருளைச் சுரக்கிறது. அது போய் அமரும் ஏற்பிகளில்தான் இந்த மருந்துகளும் போய் அமர்கின்றன. தொடர்ந்து வெளியிலிருந்து வரும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முதலில் ஒன்று போதும், பிறகு நான்கு வேண்டும். நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், தூக்கமின்மை. இந்தக் கட்டத்தில் ஒருவர் மாத்திரை தேடி அலைவது பெரும்பாலும் இன்பத்துக்காக அல்ல, இந்த வேதனையிலிருந்து தப்பிக்கத்தான்.

மரணம் வருவது மூச்சு வழியாக. மூளைத்தண்டிலுள்ள சுவாசக் கட்டுப்பாட்டு மையத்தை இந்த மருந்துகள் மந்தமாக்குகின்றன. அளவு மிஞ்சினால், அல்லது மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால், மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிடும். சில வாரங்கள் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். மனம் பழைய அளவை நினைவில் வைத்திருக்கும். உடலோ அதைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் பலர் இறப்பது இதனால்தான்.

ஊசி தனி ஆபத்து. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மாவும் டால்க் பொடியும் இருக்கும். அவை இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அடைக்கும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி பரவும். நம் பாடத்தில் போதையும் எய்ட்ஸும் அருகருகே இருப்பதில் இப்படி ஒரு பொருத்தமும் இருக்கிறது.

மருந்துக்கு மாற்றாக மருந்தா?

அரசு மையங்களில் தரப்படுவது பெரும்பாலும் புப்ரிநார்ஃபின் என்ற மருந்து. சில இடங்களில் மெத்தடோன் தருகிறார்கள். இவையும் ஓபியாய்டு குடும்பம்தான். எனவே அந்தப் பெண்ணிடம் ஊரார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் நாம் விளக்க வேண்டும்.

புப்ரிநார்ஃபின் அதே ஏற்பியில் அமர்கிறது, ஆனால் அதை அரைகுறையாகத்தான் தூண்டுகிறது. ஓரளவுக்கு மேல் கூட்டினாலும் அதன் விளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதனால் மூச்சு நிற்கும் ஆபத்து மிகவும் குறைவு. ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் ஏற்பியிலேயே இருப்பதால், வேதனையும் ஏக்கமும் அடங்குகின்றன. கடையில் வாங்கும் மாத்திரையில் ஒரு நாளைக்குப் பலமுறை ஏறி இறங்கும் மயக்கமும் தவிப்பும் இதில் இல்லை. அந்த நிதானத்தில் ஒருவரால் வேலைக்குப் போக முடிகிறது, சாப்பிட முடிகிறது, தங்கையின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி யோசிக்க முடிகிறது. மெத்தடோன், புப்ரிநார்ஃபின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

நீரிழிவு உள்ளவர் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் இன்சுலின் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. இரண்டும் முழுக்க ஒன்றல்ல. ஆனால் நாள்பட்ட நோயை மருந்தால் கட்டுக்குள் வைத்து வாழ்வது என்ற வகையில் ஒப்பிட்டால் மாணவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

இந்த அணுகுமுறைக்குத் தீங்கு குறைப்பு என்று பெயர். உடனே முற்றிலும் விட முடியாதவரையும் கைவிடாமல், அவர் சாகாமலும் நோய்வாய்ப்படாமலும் இருக்கச் செய்வது அதன் முதல் வேலை. மாற்று மருந்து, சுத்தமான ஊசி, அளவு மிஞ்சியவரை மீட்கும் நலாக்சோன் மருந்து, மருத்துவரின் தொடர் கண்காணிப்பு ஆகியவை அதன் கருவிகள்.

நம் நாட்டில் வந்த வழி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. அடுத்த சில ஆண்டுகளில் மணிப்பூரில் ஊசி வழியாக ஹெராயின் எடுத்த இளைஞர்களிடையே தொற்று மளமளவென்று பரவியது. பிடித்து அடைப்பதால் மட்டும் அது நிற்கவில்லை. 1996-இல் மணிப்பூர் அரசு தன் எய்ட்ஸ் கொள்கையிலேயே தீங்கு குறைப்பைச் சேர்த்துக்கொண்டது. 2007-இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் மாற்று மருந்து சிகிச்சை நாடளாவிய அரசுத் திட்டமாயிற்று. பஞ்சாப் அரசு 2017 அக்டோபரில் புறநோயாளிகளுக்கான சிறப்பு மையங்களைத் திறந்து, புப்ரிநார்ஃபினும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரையைத் தரத் தொடங்கியது. 2020 ஊரடங்கில் தினமும் வர முடியாதவர்களுக்குச் சில நாட்களுக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள்.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர். ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்போர் சுமார் 8.5 லட்சம் பேர்.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. நம்மில் பலர் இன்னும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

காவல்துறைக்குப் பயந்தே பல குடும்பங்கள் சிகிச்சைக்குப் போவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் மிகக் கடுமையானது என்பது உண்மை. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான ஒருவர், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பை இழக்க நேரலாம். 71-ஆவது பிரிவு, அரசே சிகிச்சை மையங்கள் நடத்தவும், பதிவு செய்தவர்களுக்கு விதிகளின்படி மருந்து வழங்கவும் இடமளிக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, தொற்றைக் குறைக்கும் இத்தகைய பணிகள் குற்றமாகா என்று தெளிவாகச் சொல்கிறது. ஆக, அந்த அண்ணன் செய்வது சட்டம் அனுமதித்த, அரசே நடத்தும் சிகிச்சை.

மறுபக்கக் கேள்விகள்

ஓய்வறையில் இதைப் பேசியபோது சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “அரசே மாத்திரை கொடுத்தால், அது வெளியே விலைக்குப் போகாதா?” நியாயமான கேள்வி. தினமும் கண்முன்னே கரைய வைப்பதன் காரணமே அதுதான்.

கனடாவில் இந்த விவாதம் இன்னும் பெரியது. அங்கே 2016 முதல் 50,000-க்கும் அதிகமானோர் ஓபியாய்டு நச்சால் இறந்திருக்கிறார்கள். தெருவில் கிடைக்கும் பொருளில் ஃபென்டானில் கலந்திருப்பதால், அதற்குப் பதிலாக மருத்துவர் பரிந்துரைத்த மருந்தையே தரும் பாதுகாப்பான வழங்கல் திட்டங்களைத் தொடங்கினார்கள். எடுத்துச் சென்ற மருந்து வெளியே விற்கப்படுகிறது என்ற புகார் எழுந்ததும், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2025 பிப்ரவரியில் கண்முன்னே உட்கொள்ள வேண்டும் என்று விதியை மாற்றியது. கண்காணிப்பு தளர்ந்தால் மருந்து வெளியே கசியும். மிக இறுக்கினால், தினமும் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர் சிகிச்சையையே விட்டுவிடுவார். கம்பெனி வண்டி வரும் நேரமும் மையம் திறக்கும் நேரமும் மோதும் நம் ஊரில் இந்தச் சிக்கல் நன்றாகவே புரியும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

மாணவர்களிடம் நாம் சொல்ல வேண்டிய முதல் செய்தி மாறவில்லை: தொடாதீர்கள், தொடங்காதீர்கள். யாரோ கொடுக்கும் வலி மாத்திரையை விழுங்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் பகுதியில் பலருக்கும் இது அங்கேதான் தொடங்குகிறது.

முழக்கங்களில் மனிதரைத் திட்ட வேண்டாம். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், அதில் யாருடைய வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. விற்பவரையும் சிக்கியவரையும் பிரித்துப் பேசுங்கள். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. கோபம் அந்தப் பக்கம் போகட்டும்.

ஒரு மாணவர் தனியாக வந்து சொன்னால், இறைவணக்கக் கூட்டத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அதை எடுத்துச் செல்லாதீர்கள். தலைமையாசிரியரிடம் மட்டும் பேசி, பெற்றோரை அழைத்து, மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய கட்டணமில்லா எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாக, உதடு நீலமாகக் கிடந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை கூடவே இருக்க வேண்டும். என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இதை முதலுதவிப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிவிடலாம்.

அந்த முழக்கத்தை மறுநாளே கிழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு தொலைபேசி எண்களை எழுதி ஒட்டினேன். முழக்கத்தைப் படித்துக் காட்டிய மாணவனைத் தனியே அழைத்துப் பேசினேன். தவறு அவனுடையது மட்டுமல்ல என்பதையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு அந்தப் பாடத்தை மறுபடி ஒரு பிரிவேளை நடத்தினேன். ஏற்பிகளைக் கரும்பலகையில் வரைந்து, இன்சுலின் கதையும் சொன்னேன். யார் பெயரும் சொல்லவில்லை.

அந்தப் பெண் திரும்ப வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் நடுவில் இருபது நாள் மையத்துக்குப் போகாமல் இருந்து, மறுபடி போகத் தொடங்கியிருக்கிறான். அவளுடைய கேள்விக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: “உங்கண்ணன் வைத்தியத்துல இருக்கான் கண்ணு. யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லு.”