ஒரே எச்சரிக்கை எத்தனை தடவை?

பழைய கணினிப் பெட்டிக்குப் பின்னால் ஒன்பது ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பு உண்டு. அதுதான் சீரியல் போர்ட். எறும்பு வரிசை மாதிரி, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதில் போகமுடியும். 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட் போகும்போது, ஓர் எழுத்தை அனுப்பப் பொதுவாக 10 பிட் வேண்டும்: எழுத்துக்கு 8, தொடக்கத்துக்கு 1, முடிவுக்கு 1. வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 960 எழுத்து!

இந்தப் போர்ட்டைக் கவனிக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். வந்து சேரும் எழுத்துகளைப் போர்ட்டை இயக்கும் சிப் சிறிது நேரம் சேர்த்து வைக்கும். 16550 என்ற புகழ்பெற்ற சிப்பில் 16 எழுத்துக்குத்தான் இடம். அது நிரம்புவதற்குள் டிரைவர் வந்து எடுக்காவிட்டால், அடுத்து வரும் எழுத்து தொலைந்துபோகும். டிரைவரும் உடனே ஓர் எச்சரிக்கை எழுதும். நல்ல பழக்கம்தான்.

சிக்கல் எங்கே தெரியுமா? பல கருவிகளில் திரை கிடையாது. எச்சரிக்கையும் அதே சீரியல் கம்பி வழியாகத்தான் வெளியே போகவேண்டும். 48 எழுத்துள்ள ஓர் எச்சரிக்கையை அனுப்ப நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அது போய் முடியும்வரை கணினி வேறெதையும் கவனிக்காமல் நின்றால், அந்த நேரத்துக்குள் எதிர்ப்பக்கமிருந்து 48 எழுத்து வந்துவிடும். இடமோ 16-க்குத்தான்! மீதி தொலையும். அதற்கு இன்னோர் எச்சரிக்கை, அதனால் மேலும் இழப்பு. பிழையைச் சொல்லப் போன செய்தியே பிழையை வளர்க்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. வரம்பு வைத்த ஓர் எச்சரிக்கை, வழக்கமான அமைப்பில், 5 நொடிக்குள் 10 தடவைதான் வெளிவரும். அதற்குமேல் வருவதை அச்சிடாமல் எண்ணிக்கொள்ளும். பிறகு மறுபடி அந்த எச்சரிக்கை வரும்போது, "இத்தனை செய்திகள் நிறுத்தப்பட்டன" என்று ஒரே வரியில் கணக்குச் சொல்லிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணக்குதான். ஒன்றும் சொல்லாமல் விழுங்கியிருந்தால், பிழை நின்றுவிட்டதாகப் பொறியாளர் நம்பிவிடுவார் அல்லவா? ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் தனித்தனியே வரம்பு வைக்கலாம். அப்போது ஒன்றின் கூச்சல் இன்னொன்றை மறைக்காது.

நாளை நீங்கள் நிரல் எழுதும்போது, பிழைச் செய்தியை அச்சிடும் வரிக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணியையும் வையுங்கள்.