உங்களுக்குத் தெரியுமா? – அடுக்களைக் கச்சேரி

♪ பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைக்குத் தாளம் பிடிபடும். தூங்கும் பச்சிளங்குழந்தைகளின் காதில் சீரான தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டு, இடையிடையே முதல் அடியை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அடி தப்பியதும் மூளையின் மின் அலை மாறியது. ஆய்வு வெளியான ஆண்டு 2009.

♪ தாளம் கேட்பதற்குக் காது மட்டும் போதாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தைப் போட்டு 7 மாதக் குழந்தைகளைக் கையில் ஏந்திக் குதிக்கவைத்தார்கள். சிலருக்கு இரண்டு அடிக்கு ஒரு குதி, சிலருக்கு மூன்று அடிக்கு ஒரு குதி. பிறகு அதையே அழுத்தம் கொடுத்து ஒலிக்கவிட்டபோது, தாங்கள் குதித்த கணக்கில் வந்த தாளத்தையே குழந்தைகள் கூடுதல் நேரம் கேட்டன. கண்ணைக் கட்டியிருந்தபோதும் அப்படித்தான். பிறர் குதிப்பதை வேடிக்கை மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் தென்படவில்லை. 2005-இல் வந்த இந்த ஆய்வைப் படித்ததிலிருந்து, கைப்பேசியில் பாட்டுப் போட்டுப் பிள்ளையை எதிரே உட்காரவைக்கும் அம்மா அப்பாக்களிடம் ஒன்றே ஒன்று சொல்லிவருகிறேன்: மடியில் தூக்கி வைத்து ஆட்டுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் பாடுங்கள்.

♪ தால் என்றால் நாக்கு. தாலாட்டு, நாக்கை ஆட்டிப் பாடுவது.

♪ பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சப்பாணி 9-ஆம் மாதத்துக்கு உரியது. கைகொட்டுவதுதான் சப்பாணி. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை என்றும் ஒரு பருவம் உண்டு. கரண்டியால் தட்டைத் தட்டும் குழந்தையிடமிருந்து கரண்டியைப் பிடுங்குகிறோம். நம் புலவர்களோ பிள்ளை பறை முழக்குவதற்கென்றே ஒரு பருவத்தை ஒதுக்கிப் பாடினார்கள். பெண்பால் பிள்ளைத்தமிழில் சிறுபறை கிடையாது. உங்கள் வீட்டுப் பெண் குழந்தை கையில் இரண்டு கரண்டியாகக் கொடுங்கள்.

♪ ஜலதரங்கத்தில் பீங்கான் கிண்ணத்து நீர் கூடக்கூடச் சுருதி இறங்கும். கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் மெல்லத் தட்டினாலும் அதேதான். பாட்டிலின் வாயில் ஊதினால் கதை தலைகீழ்: நீர் கூடினால் சுருதி ஏறும். தட்டும்போது நீரின் பாரத்தையும் சுமந்துகொண்டு கண்ணாடி அதிர்கிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. நீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும். நாலு வயதுக் குழந்தைக்கு இந்த விளக்கம் வேண்டாம். தண்ணீர்ச் செம்பை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.

♪ கடத்துக்குப் பேர்போன ஊர் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை. கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் வித்வான்கள் நாதத்தை மாற்றுவார்கள். வீட்டுப் பானையின் வாயை நீங்கள் உள்ளங்கையால் மூடித் திறக்க, குழந்தை பக்கவாட்டில் தட்டட்டும்.

♪ கிலுகிலுப்பை செய்வதானால் டப்பாவில் ஒரு பிடி துவரம்பருப்பு போதும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டாமல் கொடுக்காதீர்கள். பருப்பு தொண்டையில் சிக்கினால் ஆபத்து.

♪ தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கற்க அஞ்சறைப்பெட்டியும் பலகாரமும் போதும். ‘மிளகு’ என்றால் தகிட, மூன்று. ‘அதிரசம்’ என்றால் தகதிமி, நான்கு. ‘புளி மிளகு’ ஐந்து, அதுவே கண்டம் என்னும் தாளக் கணக்கு. ‘மிளகு அதிரசம்’ ஏழு, மிஸ்ரம். ‘அதிரசம் புளி மிளகு’ என்று கைதட்டிக்கொண்டே கூடத்தைச் சுற்றி நடந்தால் ஒன்பது, சங்கீர்ணம்.